மவுஸ் யார் கையில் இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கணினி வைத்த வகுப்பறைகளில் கல்லூரிப் பாடம் நடத்துவது பற்றி வாசகர்களிடம் கேள்விகள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தோம். ராயபுரத்தில் குடியிருந்து, வடசென்னையில் பல ஆண்டுகளாகப் பொருளியல் நடத்திவரும் பேராசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: நான் வரலாறு நடத்தும் கௌரவ விரிவுரையாளர். இந்த செமஸ்டரில் என் வகுப்பைக் கணினி அறைக்கு மாற்றிவிட்டார்கள். நான் பேசுகிறேன், பிள்ளைகள் திரையைப் பார்க்கிறார்கள். மானிட்டருக்கு மேலே நெற்றி மட்டும்தான் தெரிகிறது. பழைய வகுப்பறையையே திரும்பக் கேட்டு வாங்கிவிடலாமா மேடம்? (வியாசர்பாடி)

வேண்டாம் சார். வரலாறு நடத்துகிறவருக்குக் கணினி அறை கிடைப்பது நம் பக்கத்தில் லேசில் நடக்காது. கிடைத்ததை விடாதீர்கள்.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் மேசை போட்ட விதத்தில் இருக்கிறது. எல்லா மேசையும் கரும்பலகையைப் பார்த்து வரிசையாகப் போட்டிருந்தால் ஒவ்வொரு மானிட்டரும் உங்களுக்கும் மாணவருக்கும் நடுவே நிற்கும். முடிந்தால் மேசைகளைச் சுவரோரம் தள்ளுங்கள். திரைகள் சுவர்ப்பக்கம், பிள்ளைகள் சுவரைப் பார்த்து, நீங்கள் அறையின் நடுவில். எல்லாருடைய திரையும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் பேச வேண்டிய நேரத்தில், "நாற்காலியைத் திருப்புங்கப்பா" என்றால் போதும். திரை முதுகுக்குப் பின்னால் போய்விடும், முகம் உங்கள் பக்கம் வந்துவிடும். மேசையை நகர்த்த அனுமதி கிடைக்கவில்லையென்றால் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்று நடத்துங்கள். முதல் நாள் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெய்க்னர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களில் தன் வகுப்பறையை இதே நோக்கத்தோடுதான் மாற்றினார். 7 அடி விட்டமுள்ள வட்ட மேசைகள். ஒரு மேசைக்கு ஒன்பது பேர், மூன்று மூன்று பேராகப் பிரித்து, மூவருக்கு ஒரு லேப்டாப். அந்த அறையில் 'முன்பக்கம்' என்று ஒன்று கிடையாது. ஆசிரியர் மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். பணமுள்ள பல்கலைக்கழகம் அது. ஆளுக்கொரு லேப்டாப் வைத்திருக்கலாம். மூவருக்கு ஒன்று என்று வேண்டுமென்றே வைத்தார்கள், பேசிக்கொள்ளட்டும் என்று.

இன்னொன்று. வகுப்பைத் திரை அணைத்த நிலையிலேயே தொடங்குங்கள். சிஸ்டத்தை அல்ல, மானிட்டர் பட்டனை மட்டும். முதல் கால் மணி நேரம் நீங்களும் அவர்களும் பேசுங்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து மானிட்டரைப் போடச் சொல்லுங்கள். கேள்வி இல்லாமல் திரை எரிந்தால் கிரிக்கெட் ஸ்கோர்தான் வரும். நம் ஊரிலேயே கேள்விகள் கிடக்கின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சென்ட்ரல் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு ஏன் ராயபுரத்தில் நிலையம் கட்டினார்கள்? பழைய சென்னை வரைபடம் ஒன்றையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோட்டை எங்கே, கப்பல் சரக்கு எங்கே இறங்கியது, வணிகர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று அவர்களே தேடட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தண்டையார்பேட்டையிலிருந்து வருகிற பிள்ளைக்குத் தன் தெருவை 19-ஆம் நூற்றாண்டு வரைபடத்தில் கண்டுபிடிப்பது சாதாரண விஷயம் இல்லை சார். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

கேள்வி: வகுப்பில் 60 பேர். கணினி 30. அதிலும் சில ஓடாது. இரண்டு பேரை ஒரு சிஸ்டத்தில் உட்கார வைத்தால் ஒருவன் மவுஸைப் பிடித்துக்கொள்கிறான், மற்றவன் வேடிக்கை பார்க்கிறான். இன்னும் 30 கணினி வாங்கித் தரச் சொல்லி நிர்வாகத்தை எப்படிக் கேட்பது? (திருவொற்றியூர்)

கேளுங்கள், தப்பே இல்லை. ஆனால் வந்து சேரும் வரை காத்திருக்காதீர்கள். எனக்கு 60 கணினி கொடுத்தாலும் பாதி நேரம் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வைப்பேன்.

நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: வீட்டில் கணினி இல்லாத பிள்ளையின் கையில்தான் மவுஸும் கீபோர்டும். தெரிந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும், கையை நீட்டக் கூடாது. மென்பொருள் கம்பெனிகளிலும் இரண்டு பேர் ஒரே கணினியில் உட்கார்ந்து நிரல் எழுதும் முறை இருக்கிறது. ஒருவர் தட்டுவார், மற்றவர் பார்த்து வழி சொல்வார், இடையிடையே இடம் மாறிக்கொள்வார்கள். நம் வகுப்பில் முதல் சில வாரங்களுக்கு அந்த இடமாற்றமும் வேண்டாம். தெரியாத கை பழகட்டும்.

யார் வீட்டில் கணினி இல்லை என்று எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். முதல் நாளே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, வீட்டில் என்ன இருக்கிறது, எதில் டைப் அடித்துப் பழக்கம், தனி போனா, வீட்டுக்கே ஒரு போனா என்று எழுதி மடித்துத் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுகளை வைத்து நீங்களே ஜோடி போடுங்கள். காரணம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஆசிரியரும் மவுஸைத் தொடக் கூடாது. இதைத்தான் நான் மிக அழுத்தமாகச் சொல்வேன். ஒரு பெண் மெனுவில் எதையோ தேடித் திணறிக்கொண்டிருப்பாள். நாம் குனிந்து, மவுஸை வாங்கி, இரண்டு கிளிக்கில் முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவோம். வேலை முடிந்தது, அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். "மேலே இரண்டாவது வரிசையில் பாரும்மா" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். வகுப்பு மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

இப்படி உட்கார வைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். புள்ளியியல் தாளுக்கு, புத்தகத்தில் இருக்கும் அட்டவணையை விட்டுவிட்டுக் காசிமேடு மீன் விலையை எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ பெரியம்மாவோ மீன் விற்கிறவர்கள், அப்பாவோ மாமாவோ விசைப்படகுக்குப் போகிறவர்கள். வீட்டில் கேட்டுக் கணக்கைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். வஞ்சிரம் கிலோ கணக்கில் வந்தது. நெத்திலியும் காரப்பொடி மீனும் 'ஒரு கூறு இவ்வளவு' என்று வந்தன. கூறுக்கு ஏது எடை? கிலோ விலை என்ற கட்டத்தில் அதை எப்படி எழுதுவது? அரை வகுப்பு அந்த வாக்குவாதத்திலேயே போனது. பொருளியலில் அளவீடு என்று நான் நடத்த வேண்டிய பாடம் முழுக்க அந்த வாக்குவாதத்திலேயே வந்துவிட்டது.

அடுத்து மீன்பிடித் தடைக்காலம் வந்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் வருமானக் கட்டத்தில் என்ன எழுதுவது? வீட்டில் லேப்டாப் வைத்திருக்கிற பையன், "டேட்டா இல்லை, காலியாக விட்டுவிடலாம்" என்றான். அவன் பக்கத்தில் கீபோர்டு வைத்திருந்தவன் படகுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன். "காலி இல்லை மேடம், அன்னிக்கு வீட்டுக்கு வந்தது பூஜ்யம்" என்றான்.

சரி, இரண்டையும் போட்டுப் பாருங்கள் என்றேன். எக்ஸெல் போன்ற விரிதாளில் சராசரி கண்டுபிடிக்கும் ஃபார்முலா காலிக் கட்டத்தைக் கணக்கிலேயே எடுக்காது, பூஜ்யத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் நான்கு நாள் 600 ரூபாய், மூன்று நாள் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியாக விட்டால் சராசரி 600. பூஜ்யம் போட்டால் 343. அந்தக் குடும்பம் எந்தத் தொகையில் சாப்பிடுகிறது? விலைக் கட்டத்துக்கு வந்தபோது கதை மாறியது. வஞ்சிரம் சந்தைக்கே வராத நாளில் விலையைப் பூஜ்யம் என்று போட்டால் மீனைச் சும்மா கொடுத்ததாக அர்த்தம். அங்கே காலியாக விடுவதுதான் சரி. ஒரே கடல், ஒரே நாள், ஒரு கட்டத்தில் பூஜ்யம், இன்னொரு கட்டத்தில் காலி. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அதே பிள்ளைதான். கீபோர்டு அவன் கையில் இருந்ததால் காலியாக விட மறுத்துக் கேள்வி கேட்டான். மற்றவன் கையில் இருந்திருந்தால் அந்தக் கட்டம் காலியாகவே போயிருக்கும், பாடமும் போயிருக்கும்.

கேள்வி: பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு போன். லேபில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கும்போது பின்னால் சிரிக்கிறார்கள். லேப் நாள் என்றாலே லீவு போடத் தோன்றுகிறது மேடம். (காசிமேடு)

லீவு மட்டும் போடாதேம்மா. அந்த அறை உனக்காகத்தான் இருக்கிறது. வீட்டில் லேப்டாப் இருக்கிறவர்கள் ஒரு நாள் வராவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. உனக்கு அந்த ஒரு மணி நேரம் வேறு எங்கேயும் கிடைக்காது.

டைப் அடிப்பது அறிவு சம்பந்தப்பட்டது இல்லை, விரல் பழக்கம். உன் வீட்டுப் போன் ஆண்ட்ராய்டாக இருந்தால் ஓடிஜி என்று கேட்டு ஒரு சின்ன இணைப்பு வாங்கு. சாதாரண யூஎஸ்பி கீபோர்டை அதில் சொருகினால் போனிலேயே டைப் அடிக்கலாம். இரண்டும் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடியும். விரிதாள் செயலியும் போனில் இலவசமாகக் கிடைக்கிறது. இரவு கால் மணி நேரம், கீபோர்டைக் குனிந்து பார்க்காமல் அடித்துப் பழகு. முதல் வாரம் கோபம் வரும். விடாதே.

தமிழில் அடிக்க தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது அது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். இதில் வேகம் வந்துவிட்டால் உன் வகுப்பில் சிரிக்கிறவர்களில் பலருக்கு உன் அளவுக்குத் தமிழில் அடிக்க வராது.

உன் ஆசிரியரிடம் தனியாகப் போய், "எனக்குக் கணினி புதிது, கீபோர்டு என் கையில் இருக்கும்படி உட்கார வையுங்கள்" என்று கேள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. சிரிக்கிறவர்களை அடக்குவது அவர் வேலை, உன் வேலை இல்லை. அதையும் அவரிடம் சொல்.

கேள்வி: பேனா பிடித்து எழுதினால்தான் பாடம் மனதில் நிற்கும் என்று ஆராய்ச்சியே வந்துவிட்டதே. பிறகு எதற்கு வகுப்பில் கணினி? (ஓய்வு பெற்ற ஆசிரியர், பெரம்பூர்)

நீங்கள் சொல்வது 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வாக இருக்கும் ஐயா. லேப்டாப்பில் குறிப்பெடுத்தவர்கள் சொன்னதை அப்படியே அடித்துவிட்டார்கள், கையால் எழுதியவர்கள் சுருக்கி யோசித்து எழுதினார்கள் என்றது அது. 2019-இல் வேறு சிலர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. எனக்கு அதைவிடக் கவலை தருவது 2013-இல் கனடாவில் சானா, வெஸ்டன், செபெடா மூவரும் செய்தது. பாட நேரத்தில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவரின் மதிப்பெண் குறைந்தது என்பது எதிர்பார்த்ததுதான். அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களின் மதிப்பெண் 17 விழுக்காடு குறைந்தது. அவர்கள் கையில் இருந்தது பேனாவும் தாளும்தான்.

அதனால்தான் என் வகுப்பில் குறிப்பு எடுப்பதெல்லாம் நோட்டில், மானிட்டர் அணைத்தபடி. கணினியைக் கணக்குப் போடவும் வரைபடம் வரையவும் தேடவும் மட்டும் திறக்கிறோம். உங்கள் பேனா பத்திரமாக இருக்கிறது ஐயா.

கேள்வி: அசைன்மென்ட் எல்லாம் சாட்ஜிபிடி எழுதித் தருகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? (மிண்ட்)

வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். அறையில்தான் கணினி இருக்கிறதே, அங்கேயே எழுத வையுங்கள். நடந்துகொண்டே ஒவ்வொருவரிடமும் ஒரு வரியைக் காட்டி, "இதை ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேளுங்கள். எழுதியவருக்குப் பதில் இருக்கும்.

கேள்வி: நான் லேப் அசிஸ்டென்ட். சிஸ்டம் ஓடவில்லை என்றால் எல்லா மேடமும் சாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். கடல் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது, புதிது வாங்கப் பணம் இல்லை. என்ன செய்வது? (தண்டையார்பேட்டை)

உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் எங்கள் வகுப்பே ஓடுகிறது தம்பி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஆன் ஆகி பீப் அடித்துவிட்டுத் திரை வராமல் நிற்கிற சிஸ்டத்தில் பாதிக்கு ராம் எனும் நினைவக அட்டையின் தொடுமுனைதான் காரணமாக இருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அட்டையைக் கழற்றி, தங்க நிறப் பட்டையை சாதாரண பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதித் துடைத்துவிட்டு மாட்டுங்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஓடாமல் கிடக்கிற சிஸ்டங்களுக்கு இதை ஒருமுறை வரிசையாகச் செய்து பாருங்கள், சில திரும்பி வரும். யூஎஸ்பி துளைகளுக்கு மூடி போடுங்கள். மழைக்காலம் வருமுன் சிபியூ எல்லாவற்றையும் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தளத்தில் வைத்திருந்ததையெல்லாம் நம் பக்கத்தில் எத்தனை பேர் இழந்தார்கள்!

கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்த எண் சிஸ்டம், என்ன கோளாறு, தேதி. ஆசிரியர்கள் எழுதிவிட்டுப் போகட்டும். மூன்று மாதத் தாள்களைச் சேர்த்துக் கொடுத்துக் கேட்டால் நிர்வாகம் மறுப்பது கஷ்டம். அப்புறம், வீயான் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஆசிரியர் தன் கணினியிலிருந்தே எல்லாத் திரையையும் பார்க்கலாம், ஒரே நேரத்தில் பூட்டலாம். நீங்கள் ஒரு மாலை உட்கார்ந்து நிறுவிக் கொடுத்தால் மேலே கேட்ட வரலாற்று சார் போன்றவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். மகன் பி.ஏ. சேர்ந்திருக்கிறான். 60 ஆயிரத்துக்கு லேப்டாப் வேண்டும், தவணையில் வாங்கலாம் என்கிறான். அவசியமா? (கொருக்குப்பேட்டை)

60 ஆயிரம் அவசியம் இல்லை அண்ணே. முதல் வருடம் கல்லூரி லேப் போதும், ஒழுங்காகப் போனால். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லட் தருவதாக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அவன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கல்லூரியில் கேட்கச் சொல்லுங்கள். அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால் ரிச்சி தெருவில் புதுப்பித்த பழைய லேப்டாப் பாருங்கள். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பகம் இருந்தால் பி.ஏ. படிப்புக்குத் தாராளம். பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள், கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் அங்கேயே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்க இடம்தான் பிரச்சினை என்றால், கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் புதிதாகக் கணினி வகுப்பறை கட்டப் பணம் வந்திருக்கிறது. ஸ்மார்ட் போர்டு கொட்டேஷன் கையில் இருக்கிறது. முதலில் என்ன வாங்க வேண்டும்? (நிர்வாகக் குழு உறுப்பினர், பழைய வண்ணாரப்பேட்டை)

முதலில் மின் புள்ளிகள். சுவரோரம் சுற்றிலும் போடுங்கள், தரையில் இடுப்பளவு தண்ணீர் வராவிட்டாலும் கணுக்கால் அளவு வரும் ஊர் இது, அதனால் உயரமாகப் போடுங்கள். அடுத்து யூபிஎஸ், பேட்டரியைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தோடு. மேசை அகலமாக இருக்கட்டும், கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு விரித்து வைக்க இடம் வேண்டும். ஒரு மேசைக்கு இரண்டு நாற்காலி, இரண்டும் சக்கரம் வைத்துத் திரும்பக்கூடியவை. நடுவில் ஆசிரியர் நடக்க வழி. சாதாரண வெள்ளைப் பலகை பெரிதாக ஒன்று. இவ்வளவுக்கும் பிறகு பணம் மிஞ்சினால் ஸ்மார்ட் போர்டு பற்றிப் பேசலாம், எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அதில் எழுதப் போகிறவர் ஆசிரியர் ஒருவர்தான்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, மாலை இரண்டு மணி நேரம் அறையைத் திறந்து வைக்க ஓர் ஆளுக்குச் சம்பளமாக ஒதுக்குங்கள். வகுப்பு முடிந்ததும் பூட்டிவிடுகிற அறையில், மேலே எழுதியிருக்கும் காசிமேட்டுப் பெண் எப்போது பழகுவாள்? மாலையில் யாரெல்லாம் வந்து உட்கார்கிறார்கள் என்று ஒரு பதிவேடு வையுங்கள். அடுத்த வருடம் எத்தனை கணினி கூடுதலாக வேண்டும் என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.